மார்கழி மாதத்து விருந்தாளிகள்

காட்டு மிருகங்களைப் பார்க்க வேண்டுமானால் நாம் என்ன செய்கிறோம்? பள்ளிக்கூட விடுமுறை வரும் வரையில் காத்திருக்கிறோம். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு வண்டலூருக்குப் போகிறோம். சீட்டு வாங்கி, வெயிலில் கால் கடுக்க நடந்து, தூங்குகிற சிங்கத்தின் முதுகைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறோம். இன்னும் கொஞ்சம் வசதியுள்ளவர்கள் முதுமலைக்குப் போய், வனத்துறை வண்டியில் குலுங்கக் குலுங்கச் சுற்றுகிறார்கள். "அதோ யானை!" என்று யாராவது கத்தும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வாரம் சண்டை போடுகிறார்கள்.

இந்தச் சிரமம் எதுவும் இல்லாமல், கையில் காபி டம்ளருடன், சமையலறை ஜன்னல் வழியாகவே ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள காட்டு மிருகத்தைப் பார்க்கிற பாக்கியம் நம் நாட்டிலேயே சில பேருக்கு வாய்த்திருக்கிறது. பாக்கியம் என்று நான் சொல்கிறேன். அவர்களைக் கேட்டால் பாதிப் பேர் "ஆமாம்" என்பார்கள். மீதிப் பாதிப் பேர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தங்கள் முட்டைக்கோஸ் பாத்தி இருந்த இடத்தைக் காட்டுவார்கள்.

நீலகிரியைத்தான் சொல்கிறேன். குன்னூர், கோத்தகிரி, உதகமண்டலம் ஆகிய மூன்று ஊர்களிலும் இப்போது காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பல இடங்களில் ஒரு வேலிதான் உண்டு. சில இடங்களில் அதுவும் இல்லை. அங்கே போக நாம் எல்லோரும் சித்திரை, வைகாசியைத் தேர்ந்தெடுக்கிறோம். மலர்க் கண்காட்சியில் மலர்களைக் காட்டிலும் மனிதர்கள்தான் அதிகம். மிருகங்கள் விவரம் தெரிந்தவை. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் மார்கழி, தை மாதங்களில் போக வேண்டும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டி ஓய்ந்ததும் வானம் துடைத்து விட்டாற்போல் ஆகிவிடுகிறது. பகலில் இதமான வெயில். ராத்திரி மேகப் போர்வை இல்லாததால் பூமியின் சூடெல்லாம் மேலே போய்விடுகிறது. உதகை 7,300 அடிக்கு மேல் இருக்கும் ஊர். ஜனவரியில் அங்கே பள்ளமான புல்வெளிகளில் குளிர் பூஜ்ய டிகிரிக்கு இறங்கி, விடியற்காலையில் புல் நுனியெல்லாம் உப்புத் தூவியது போல் உறைபனி படிந்திருக்கும். பார்வைக்கு அழகுதான். ஆனால் வெயில் ஏறியதும் அந்தப் புல் கருகிவிடும். தேயிலைச் செடியும் கருகும். பச்சையாக மிஞ்சுவது எது? ஓடைக் கரை, எஸ்டேட் ஓரம், தினம் தண்ணீர் விடுகிற நம் வீட்டுத் தோட்டம். புல் தின்கிறவர்கள் அங்கே வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வேறு சிலரும் வருகிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு.

முதல் விருந்தாளியை நீலகிரியில் எல்லோரும் "காட்டெருமை" என்று சொல்கிறார்கள். பத்திரிகைகளிலும் அப்படித்தான் போடுகிறோம். உண்மையில் அது எருமையே அல்ல, மாட்டு ஜாதி. காட்டுமாடு, காட்டெருது என்று சொல்வதே சரி. தோடர்கள் வளர்ப்பதுதான் அசல் எருமை. உலகத்தில் உள்ள காட்டு மாட்டு இனங்களில் எல்லாவற்றிலும் பெரியது நம் காட்டுமாடுதான். நன்றாக வளர்ந்த காளை நம்மில் உயரமான ஓர் ஆண்பிள்ளையின் தலை அளவுக்குத் தோளே இருக்கும். உடம்பு பளபளவென்று கறுப்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. பார்த்தால் இந்தக் குளிருக்கு வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு வந்திருப்பதாகத் தோன்றும். முதுகில் தோளிலிருந்து பாதி தூரம் வரையில் ஒரு மேடு. கன்று பிறக்கும்போது பொன்னிறமாக இருந்து, வளர வளரத்தான் கறுக்கிறது.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற சாலையோரத்தில், சரிவில் கட்டிய ஒரு பழைய ஓட்டு வீட்டில் சென்ற தை மாதம் சில நாள் தங்கினேன். வீட்டுக்காரர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மாமிக்கு எழுபது வயது இருக்கும். மாலை ஐந்தரை மணிக்கு மாமி ரேடியோவை நிறுத்தினார். கூடத்து விளக்கை அணைத்தார். எனக்கு ஒரு மூங்கில் நாற்காலியைக் காட்டினார். "பேசப்படாது. இப்போ வருவா" என்றார்.

வந்தார்கள். முதலில் தேயிலைச் செடிகளுக்கு மேலே இரண்டு கொம்புகள் மட்டும் நகர்ந்தன. தேயிலை இலையை அவை தின்பதில்லை. செடிகளுக்கு நடுவே முளைக்கும் புல்லுக்குத்தான் வருகின்றன. பிறகு ஒரு பெரிய பசு. கூட்டத்துக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் வயதான பசுதான் என்பதை நம் வாசகிகளுக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு. கடைசியில் ஒரு கன்று, தாயின் வாலைப் பிடித்துக்கொள்ளாத குறைதான். அவ்வளவு பெரிய உடம்புகள் நடக்கும்போது ஒரு சருகுச் சத்தம் கூடக் கேட்கவில்லை. புல்லைப் பிடுங்கும் "சரக் சரக்" என்ற ஓசையும் மூச்சு விடும் ஓசையும் மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரையில் வந்தன.

காளைகள் பெரும்பாலும் தனியே திரியும். குளிர்காலம் முற்றும்போது அவை பெண் தேடிப் புறப்படுகின்றன. அப்போது அவை எழுப்பும் குரல் இருக்கிறதே, அதை மாட்டுக் குரல் என்று யாரும் நம்ப மாட்டார்கள். நீளமாக, இழுத்து, மேலிருந்து கீழே இறங்குகிற ஒரு பாட்டு. ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்கும். சென்னையில் சபாக்களில் கச்சேரி சீசன் நடக்கிற அதே மாதங்களில் இங்கே இந்தக் கச்சேரி. டிக்கெட் இல்லை, ஆனால் கம்பளி வேண்டும்.

மாமிக்கு ஒரு வழக்கம் இருந்தது. அரிசி களைந்த கழுநீர், வாழைப்பழத் தோல், காய்கறி நறுக்கிய மிச்சம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, சாயங்காலம் வேலி ஓரத்தில் வைத்துவிடுவார். தனிக்காளை ஒன்று தினம் வந்து அதைக் குடித்துவிட்டுப் போகும். மாட்டுப் பொங்கலன்று வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலே வைத்தாராம்.

"பசு ஜாதிதானே! வாயில்லா ஜீவன் வாசல்ல வந்து நிக்கறது. ஒரு வாளி கழுநீர் வெச்சா நமக்கு என்ன குறைஞ்சுடப் போறது?" என்று கேட்டார்.

எனக்கும் பதில் தோன்றவில்லை. நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றும்? காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டுச் சாப்பிடுகிற வீட்டில் வளர்ந்தவர்கள் நாம்.

பதில் அந்த வீட்டுக்குக் கீழே, எஸ்டேட் லயனில் குடியிருக்கும் ஓர் அம்மாளிடம் இருந்தது. கொழுந்து பறிக்கிறவர். அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். 1964-இல் ஏற்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்த பல்லாயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. மாமியிடம் சோப்பு வாங்கக் கடனாக நூறு ரூபாய் கேட்க வந்தவர், என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்தார். காட்டுமாட்டைப் பற்றிக் கேட்டேன். முதலில் சிரித்தார்.

"முன்னெல்லாம் நம்ம சத்தம் கேட்டாலே வெலகிப் போயிடும்ங்க. நாங்க கூப்பாடு போட்டுக்கிட்டேதான் வருவோம். இப்ப இந்தக் காளை வெலக மாட்டேங்குது. வாளியைத் தேடி வருதுல்ல? வழியிலேயே நிக்குது. எங்க கையில பையைப் பாத்தா கிட்ட வருது" என்றார்.

மாமி ஒன்றும் பேசவில்லை.

"நீங்க ஜன்னல்லேருந்து பாக்குறீங்கம்மா. எலை எடை போட்டுட்டு நாங்க அந்த வழியாத்தான் லயனுக்குப் போகணும். ஆறு மணிக்கே இருட்டிப் போவுது" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

இது வெறும் பயமல்ல. நீலகிரியில் காட்டுமாடு முட்டி இறந்தவர்கள், படுகாயம் பட்டவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் கார் உள்ளவர்கள் அல்லர். அதிகாலையில் வேலைக்குப் போகிறவர்கள், விறகு பொறுக்கப் போனவர்கள், மாலையில் திரும்புகிறவர்கள். காட்டுமாடு சுபாவத்தில் சாதுதான். சண்டைக்கு வருமுன் பக்கவாட்டில் திரும்பி நின்று தன் உடம்பின் முழு அளவையும் காட்டும். "புஸ்" என்று மூச்சைச் சீறும். "நான் எவ்வளவு பெரியவன், பார்த்தாயா? போய்விடு" என்று அர்த்தம். பார்க்கிறவர் பின்வாங்கிவிட்டால் பெரும்பாலும் விவகாரம் அதோடு முடிந்துவிடும். ஒற்றையடிப் பாதையில், இருட்டில், திருப்பத்தில் நேருக்கு நேர் சந்தித்தால் பின்வாங்க நேரம் ஏது? மனிதரைக் கண்டு விலகுகிற அச்சம்தான் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வாளி வைத்து அந்த அச்சத்தைப் போக்கிவிட்டால், நஷ்டம் வாளி வைத்தவருக்கு அல்ல.

மறுநாள் வாளி வெளியே போகவில்லை. காளை வந்து நின்றது. வேலியை முகர்ந்தது. நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பும் வரையில் தினம் வந்து நின்றது. மாமி ஜன்னலுக்கே வரவில்லை; சுவாமி அறையில் உட்கார்ந்துகொண்டார். ஒரு மாதம் கழித்து டெலிபோனில் பேசினேன். காளை இப்போது எதிர்ச் சரிவோடு போய்விடுகிறதாம். கண்ணாடி போட்டுக்கொண்டால் தெரிகிறதாம்.

ஆமாம், இவையெல்லாம் ஏன் ஊருக்குள் வருகின்றன? கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில், இதே குளிர்காலத்தில், கோத்தகிரிப் பக்கமாக மலை ஏறினார். அப்போது இங்கே தோடர், கோத்தர், படகர், குறும்பர் குடியிருப்புகளைத் தவிர மற்றதெல்லாம் சோலையும் புல்வெளியும்தான். பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல், நடுவில் சதுப்பு. அந்தப் புல்வெளியில்தான் பிறகு தேயிலை வந்தது. கற்பூர மரமும் சீகை மரமும் நட்டார்கள். சதுப்பு நிலத்தில் உருளைக்கிழங்கும் பஸ் நிலையமும் வந்தன. 1899-இல் ரயில் குன்னூர் வரையில் ஏறியது. 1908-இல் உதகைக்கு எட்டியது. 1901-இல் ஜில்லா முழுவதிலும் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 7 லட்சத்து 35 ஆயிரம். நாம் போய் அவற்றின் கூடத்தில் வீடு கட்டிக்கொண்டு, "ஏன் வாசலுக்கு வருகிறாய்?" என்று கேட்கிறோம்.

ஆனால் காட்டுமாடுகள் இருப்பதே ஓர் அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டும். 1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் பரவியது. நாட்டு மாடுகளிடமிருந்து காட்டுமாடுகளுக்குத் தொற்றி, கூட்டங் கூட்டமாக அவை செத்து விழுந்தன. அந்த நோயை 2011-இல் உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986-இல் நீலகிரி நம் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. செத்துப் பிழைத்தவர்களின் பேரன் பேத்திகள்தாம் இன்று குன்னூர்க் கடைத்தெருவில் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள்.

இரண்டாவது விருந்தாளி கரடியார். இவருடைய வருகை கோத்தகிரிப் பக்கம் பிரசித்தம்.

குளிர்காலத்தில் கரடி தூங்கும் என்று குழந்தைகளின் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது பனி நாட்டுக் கரடி. நம் ஊர்க் கரடி தூங்குவதில்லை. உண்மையில் குளிர்காலத்தில்தான் தாய்க் கரடிக்கு வேலை அதிகம். கார்த்திகையிலிருந்து தை வரையில் குகையிலோ பாறை இடுக்கிலோ அது குட்டி போடும். ஒன்று அல்லது இரண்டு. இரண்டு மூன்று மாதம் கழித்து வெளியே வரும்போது குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். அந்த நீண்ட கறுப்பு மயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவை சவாரி செய்வதைப் பார்த்தவர்கள், அன்று முழுதும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கரையான்தான் கரடிக்குப் பிரதான ஆகாரம். இதற்கென்றே கடவுள் அதன் வாயைத் தனியாக அமைத்திருக்கிறார். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது. புற்றை நகத்தால் பெயர்த்து, முதலில் ஊதி மண்ணைத் தள்ளிவிட்டு, மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, அந்தப் பல் இடைவெளி வழியாக "சூ" என்று உறிஞ்சும். நம் வீட்டில் ரசத்தைச் சத்தம் போட்டு உறிஞ்சுகிறவர்களை இனிமேல் எப்படித் திட்டலாம் என்று உங்களுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

கண் பார்வை மந்தம். காதும் அப்படியே. மூக்கு மட்டும் அபாரம். அந்த மூக்குதான் அதை ஊருக்குள் இழுத்து வருகிறது. கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர். கோயில் விளக்கில் மிச்சமிருக்கும் எண்ணெய், நெய், மளிகைக் கடை வெல்லம், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வைத்திருக்கும் பருப்பு, அரிசி எல்லாவற்றுக்கும் கதவை உடைத்துக்கொண்டு அது வந்ததுண்டு. மார்கழியில் நாம் விடியற்காலையில் எழுந்து வாசலில் விளக்கு வைக்கிறோமே, கோத்தகிரியில் கொஞ்சம் யோசித்துத்தான் வைக்க வேண்டும். விளக்கு மலையேறியதும் எண்ணெயை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவது அங்கே வழக்கமாகிவிட்டது.

கரடியை ஜன்னலிலிருந்து பாருங்கள். கதவைத் திறந்து பார்க்காதீர்கள். சிறுத்தையிடமிருந்து தப்பலாம், கரடியிடம் முடியாது என்று மலைக்காரர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. கண்ணும் காதும் மந்தமானதால் நாம் அருகில் போகும் வரையில் அதற்குத் தெரியாது. தெரிந்ததும் அது திடுக்கிட்டு, ஓடுவதற்குப் பதிலாக மேலே பாய்ந்துவிடும். குட்டியுள்ள தாயானால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது ஆசாமியை நேரில் பார்ப்பது துர்லபம். காலையில் எழுந்து பார்த்தால் நாய்ச் சங்கிலி மட்டும் கிடக்கும். சிறுத்தை. இப்போது வாசலில் காமிரா மாட்டியிருக்கிறார்களே, அதன் புண்ணியத்தில் அது ராத்திரி இரண்டு மணிக்கு மதில் மேல் நடந்துபோவதைக் காலையில் செல்போனில் பார்க்க முடிகிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து வீட்டுக் காமிராக்கள் சிலவற்றில் கருஞ்சிறுத்தையும் சாதாரணச் சிறுத்தையும் சேர்ந்தே பதிவாகி, அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. கருஞ்சிறுத்தை தனி இனம் அல்ல. ஒரே தாய் வயிற்றில் கறுப்பும் மஞ்சளும் பிறக்கலாம். வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கறுப்பு உடம்பிலும் புள்ளிகள் தெரியும். சிறுத்தையைக் கூப்பிடுவது நாம் வளர்க்கும் நாயும், நாம் கொட்டும் கோழிக் கழிவும், அந்தக் கழிவுக்கு வரும் தெரு நாய்களுந்தான். நாய் உள்ளே படுத்தால் சிறுத்தை மதிலோடு போய்விடும். குளிரில் நாயை வெளியே கட்டுகிற எஜமானருக்கு அதன் மேல் அப்படி என்ன கோபமோ!

பகல் நேரத்து விருந்தாளிகள் இத்தனை பயங்கரமானவர்கள் அல்லர். காலை எட்டு மணி வெயிலில் மரத்தின் உச்சிக் கிளையில் கருமந்திகள் வரிசையாக உட்கார்ந்து, கிழக்கே பார்த்துக் குளிர் காயும். கறுப்பு உடம்பு, பொன்பழுப்பு நிறத் தலைமயிர். இலையும் தளிரும் தின்கிற சாத்வீகப் பிறவி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நாட்டுக் குரங்கு அப்படியல்ல. அது கதவைத் தட்டாமலே வந்து பிரெட்டை எடுத்துக்கொண்டு போகும். அதைப் பற்றி எழுதினால் இந்த இதழ் போதாது.

ஒரு சின்ன விருந்தாளியை மட்டும் சொல்லாமல் விட முடியாது. குருவியை விடச் சிறியது. பெயர் காஷ்மீர் ஈப்பிடிப்பான். ஆண் பறவைக்குத் தொண்டையும் மார்பும் செங்காவி. அதற்குக் கறுப்பில் ஒரு கரை போட்டிருக்கும். ரவிக்கைத் துணிக்கு இப்படி ஒரு சேர்க்கை கடையில் கிடைக்குமா என்று தெரியவில்லை. வெயில் காலத்தில் இது காஷ்மீரத்துக் காடுகளில் கூடு கட்டுகிறது. குளிர் ஆரம்பித்ததும் பாரத தேசம் முழுவதையும் கடந்து, நீலகிரிக்கும் இலங்கை மலைகளுக்கும் வந்துவிடுகிறது. உதகை தாவரவியல் பூங்காவிலும் வீட்டுத் தோட்டங்களிலும் மரநிழலில் தாழ்வான கிளையில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். காஷ்மீரத்தில் காடு குறைவதால் இதன் தொகையும் குறைந்து வருகிறது. அங்கே ஒரு மரம் விழுந்தால் குன்னூர்த் தோட்டத்தில் ஒரு கிளை காலியாகிறது.

சரி, பார்ப்பது எப்படி? முதலில் விளக்கை அணையுங்கள். உள்ளே வெளிச்சமும் வெளியே இருட்டுமாக இருந்தால் நீங்கள் அவற்றைப் பார்க்க மாட்டீர்கள். அவைதான் உங்களைப் பார்க்கும். டார்ச் அடிக்காதீர்கள். செல்போன் பிளாஷ் கண்டிப்பாகக் கூடாது. கதவைத் தாழிட்டு, குழந்தைகளை மடியில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரையிலும், காலையில் விடிகிற நேரத்திலும் உட்கார்ந்தால் போதும். முதல் நாள் ஒன்றும் வராது. இரண்டாம் நாளும் வராது. அந்த இரண்டு நாளில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் ஒரு கையை முடித்துவிடலாம்.

குப்பை விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மூடியில்லாத தொட்டி ஒன்று தெருவில் இருந்தால் போதும், தெருவுக்கே விருந்தாளிகள் வருவார்கள். பாலிதீன் பையோடு சேர்த்துத் தின்கிற மாட்டின் வயிற்றில் அந்தப் பை அப்படியே தங்கிவிடும். கழிவுநீர்த் தொட்டிக்கு நல்ல மூடி போடுங்கள். மேய வந்த காட்டுமாடு அதில் விழுந்து, வனத்துறையினர் மண்வாரி இயந்திரம் கொண்டு வந்து கரையை வெட்டி ஏற்றிவிட வேண்டியதாகிறது. வீட்டில் வேலை செய்கிறவர் மாலையில் நடந்து போகிறவரானால் அரை மணி முன்னதாக அனுப்பிவிடுங்கள். பாத்திரம் நாளைக்கும் தேய்க்கலாம்.

"எங்களுக்கு நீலகிரியில் வீடு இல்லையே, மாம்பலத்தில் மாடிப் போர்ஷன்தானே!" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. மயிலாப்பூரில் மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். 1912-இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் குமாரர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இல் இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுத ஆரம்பித்து, 1996-இல் காலமாகும் வரையில் நாற்பத்தாறு வருஷம் விடாமல் எழுதினார். யானையையும் சிறுத்தையையும் காட்டில் அலைந்து படம் பிடித்தவர்தான். ஆனாலும் காக்கை, அணில், பல்லி, தோட்டத்து மைனா என்று நம் வீட்டைச் சுற்றி இருப்பவற்றைப் பற்றியும் அதே மரியாதையுடன் எழுதினார். படமும் தாமே போட்டார். அவருக்கும் மதில் சுவரும் மாநகரமும் தடையாக இருக்கவில்லை.

சென்னையிலும் மற்ற சமவெளி ஊர்களிலும் குளிர்காலத்துக்கென்று ஒருவர் வருகிறார். இமயமலை அடிவாரத்திலிருந்து ஐப்பசியில் ராத்திரி ராத்திரியாகப் பறந்து வந்து, களைத்துப் போய் வராந்தாவிலும் கார் ஷெட்டிலும் விழுவார். அப்போது மட்டும் ஒரு அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, மாலையில் செடி மறைவில் விட்டுவிட்டால் போதும். உடம்பில் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று வர்ணங்களை அள்ளிப் பூசியிருக்கும். வடக்கே "நவரங்" என்றே பெயர். குட்டை வால். பறப்பதை விடத் தரையில் தத்துவது அதிகம். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை அடிக்கும். அதனால் நம் ஊரில் ஆறுமணிக்குருவி. பங்குனி, சித்திரை வரையில் தங்கும். கிணற்றடி, துவைக்கிற கல், மல்லிகைப் பந்தலின் கீழே சருகு கூட்டாமல் விட்ட மூலை எங்கேயாவது பாருங்கள். சருகை நீங்கள் கூட்டாமல் விட்டிருந்தால் அங்கே புழு பொறுக்கிக்கொண்டிருக்கும்.